அபிமன்யுவும் எஜெக்டர் பின்னும்

சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. பாரதக் கதையில் அது ஒரு வீரனின் சோகம். பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் அது ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நடக்கிற சங்கதி! உருகிய பிளாஸ்டிக் சில வினாடிகளில் மோல்டுக்குள் பாய்ந்து நிரம்பிவிடும். அது கெட்டியான பிறகு கீறல் இல்லாமல், வளையாமல், வெளுக்காமல் வெளியே வருவதற்குள்தான் படாத பாடு.

இந்த வெளியே வரும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் படிக்கிறவர்களின் சமாச்சாரம் என்று காமர்ஸ் மாணவர்கள் ஓடிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், இது பாதி இன்ஜினியரிங், பாதி கணக்குப் புத்தகம் என்பது புரியும்.

நுரையைத் தாண்டி ஒரு ஊர்

கெலவரப்பள்ளி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது அணையும் நுரையும்தான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு பக்கத்துக் கழிவுகளையும் சுமந்துகொண்டு ஓசூரை ஒட்டியிருக்கும் இந்த அணைக்கு வருகிறது. ஷட்டரைத் திறந்தால் பனிமலை போல வெள்ளை நுரை பொங்கும். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அந்தப் படங்களில் வராத இன்னொரு கெலவரப்பள்ளி உண்டு. அது ஓசூர் தொழில் வட்டாரத்தின் ஓரத்து ஊர். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரில்தான் உருவாகி வெளியே வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது, பிறகு டைட்டன் வந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்ய நூற்றுக்கணக்கில் சிறு ஆலைகள் முளைத்தன. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரு. இடையில் அத்திப்பள்ளி எல்லை. இந்தப் பக்கம் ஒரு ஆலை, அந்தப் பக்கம் பொம்மசந்திராவிலும் பீன்யாவிலும் டூல் ரூம்கள். எல்லைக் கோட்டைப் பார்த்து இரும்பு நிற்பதில்லை.

அந்தக் காலத்து மொபெட்டில் பிளாஸ்டிக் குறைவு. இன்றைக்கு ஒரு ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பாருங்கள். முன்பக்கக் கவசம், மட்கார்டு, கால் வைக்கும் தளம், சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கும் பெட்டி, பக்கவாட்டு பேனல்... பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். 2021 வாக்கில் ஓசூரில் ஏதர் நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், போச்சம்பள்ளி அருகே ஓலாவின் ஆலையும் வந்தபிறகு இந்த மாவட்டத்துக்கும் பெரிய பிளாஸ்டிக் பாகங்களுக்கும் உள்ள உறவு இன்னும் இறுகிவிட்டது. லாரி பம்பரையும், டேஷ்போர்டையும், கிரேட்டுகளையும், பிளாஸ்டிக் நாற்காலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாமே டன் கணக்கில் எடையுள்ள மோல்டுகளிலிருந்து வருகிறவை.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

மோல்டு என்பது இரண்டு பாதி. குழிவான பாதி கேவிட்டி, மேடான பாதி கோர். இரண்டும் மூடும்போது நடுவில் இருக்கும் இடைவெளிதான் பொருளின் உருவம். அதில் பிளாஸ்டிக்கைச் செலுத்தி, குளிரவைத்து, மோல்டைத் திறந்தால் பொருள் கோரின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

தொப்பி என்று சொன்னது தப்பு. தொப்பி லேசாகக் கழன்று வரும். இது ஈரமான ரப்பர் கையுறை மாதிரி. பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்குகிறது. பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் சுருங்கும், ஏபிஎஸ் அதைவிடக் குறைவாக, அரை சதவீதம் அளவுக்கு. கேட்க சின்னதாக இருக்கிறதா? 600 மில்லிமீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் பாகத்துக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 9 மில்லிமீட்டர். அவ்வளவு சுருங்க ஆசைப்படுகிற பொருளுக்கு நடுவில் அசையாத இரும்புக் கோர் நிற்கிறது. சுருங்க முடியாத கோபத்தை எல்லாம் பிடியாகக் காட்டுகிறது பிளாஸ்டிக். அந்தப் பிடியை விடுவித்துப் பொருளைத் தள்ளிவிடும் அமைப்புதான் எஜெக்‌ஷன்.

சின்ன மோல்டில் இதற்குச் சுலபமான வழி உண்டு. பின்னால் ஒரு தகடு, அதில் பத்துப் பதினைந்து எஜெக்டர் பின். மிஷின் அந்தத் தகட்டைத் தள்ளும், பின்கள் பொருளைத் தள்ளும், பொருள் கீழே விழும். அவ்வளவுதான். பேனா மூடிக்கு இது போதும்.

பெரிய மோல்டு என்பது சின்ன மோல்டின் ஜெராக்ஸ் அல்ல

எல்லாவற்றையும் நாலு மடங்கு பெரிதாக்கினால் பெரிய மோல்டு வந்துவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. நாலைந்து உதாரணங்கள் பார்க்கலாம்.

முதலில் காற்று. ஒரு பெரிய வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர். பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். வாளி கோரை விட்டுக் கிளம்பும்போது உள்ளே காற்று நுழைய வழியில்லாவிட்டால் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தும். முழு வெற்றிடம் என்று வைத்துக்கொண்டால் 700 கிலோ! ஏழெட்டு மூட்டை அரிசி அந்த வாளியின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பின்னை மட்டும் வைத்துக் குத்தினால் அடிப்பாகம் ஓட்டையாகும். கோரின் உச்சியில் ஒரு காற்று வால்வு வைத்து, தள்ளுவதற்கு முன்பே காற்றை ஊதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த வால்வுக்கும் காற்றுப் பாதைக்கும் முதல் நாள் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்னின் நீளம். பெரிய மோல்டில் பின்கள் அரை மீட்டர் வரைகூட நீளமாக இருக்கும். மெல்லிய நீளமான குச்சியை நுனியில் அழுத்தினால் வளையும் அல்லவா? எவ்வளவு அழுத்தினால் வளையும் என்பதற்கு ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குச் சொல்லிவிட்டார். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். விட்டம் இரண்டு மடங்கானால் தாங்கும் சக்தி 16 மடங்காகும். அதாவது 4 மில்லிமீட்டர் பின் வைக்கிற இடத்தில் 8 மில்லிமீட்டர் பின் வைத்தால் பதினாறு மடங்கு தைரியம். ஆனால் 8 மில்லிமீட்டர் பின்னுக்கு இடம் வேண்டுமே! அந்த இடத்தை ஏற்கெனவே தண்ணீர் ஓடும் கூலிங் துளை பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, சூடு. மோல்டின் முகப்பு சூடாக இருக்கும், பின்னால் இருக்கும் எஜெக்டர் தகடு அவ்வளவு சூடாகாது. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.0115 மில்லிமீட்டர் விரியும். ஒன்றரை மீட்டர் நீள மோல்டில் இரண்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் அரை மில்லிமீட்டர். தலைமுடி பல சேர்ந்த தடிமன்தான். ஆனால் பின்னுக்கும் அது ஓடும் துளைக்கும் இடையே விடுவது இரண்டு மூன்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்! அதற்கு மேல் விட்டால் பிளாஸ்டிக் கசிந்து ஃப்ளாஷ் வந்துவிடும். ஆகவே பின்னின் தலையைத் தகட்டில் இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் ஆட இடம் கொடுத்து விடுவார்கள். இந்தச் சின்ன ஆட்டத்தை மறந்த மோல்டில் ஓரத்துப் பின்கள் எல்லாம் வரிசையாக உராய்ந்து தேயும், ஒருநாள் படக்கென்று உடையும். காலையில் குளிர்ந்த மோல்டில் சரியாக ஓடியது, மதியம் சூடேறியதும் முனகுகிறது என்றால் காரணத்தை இங்கேயும் தேட வேண்டும்.

நான்காவது, தகட்டையே தள்ளுவது. பெரிய மோல்டுகளில் பல நேரம் நாலு மூலைக்கு நாலு ஹைட்ராலிக் சிலிண்டர் வைப்பார்கள். எண்ணெய்க்குச் சோம்பேறித்தனம் அதிகம். எந்தச் சிலிண்டரில் எதிர்ப்பு குறைவோ அங்கே முதலில் ஓடும். ஒரு மூலை முந்திக்கொள்ளும், தகடு சாயும், வழிகாட்டும் புஷ்கள் இறுகும். நாலு பேர் பாடை தூக்கும்போது ஒருவர் மட்டும் வேகமாக நடந்தால் என்ன ஆகும்? அதேதான். நாலையும் சம அளவில் ஓடவைக்க ஃப்ளோ டிவைடர் வேண்டும், அல்லது பல்சக்கரம் கொண்டு இயந்திரரீதியாகப் பிணைக்க வேண்டும். தகட்டுக்குத் தனி கைட் பில்லர் வேண்டும். தகடு முழுதாகத் திரும்பிவிட்டது என்று மிஷினுக்குச் சொல்ல ஒரு லிமிட் ஸ்விட்ச் வேண்டும். அந்த ஸ்விட்ச் இல்லாமல், நீட்டிக்கொண்டிருக்கும் பின்னின் மேல் மோல்டு மூடிக்கொண்டால் லட்சக்கணக்கில் செய்த முகப்பில் பள்ளம் விழும். மோல்டின் விலையோடு ஒப்பிட்டால் ஸ்விட்சின் விலை ஒன்றுமே இல்லை.

ஐந்தாவது, லிஃப்டர். ஸ்கூட்டர் பேனலின் உட்புறம் கிளிப் மாட்டுவதற்குக் கொக்கிகள் இருக்கும். நேராகத் தள்ளினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். அதனால் சாய்வாக நகரும் ஒரு துண்டை வைத்து, மேலே தள்ளும்போதே பக்கவாட்டில் விலகச் செய்கிறார்கள். கொக்கி 10 மில்லிமீட்டர் என்றால், 8 டிகிரி சாய்வில் தகடு சுமார் 71 மில்லிமீட்டர் நகர வேண்டும். சாய்வை 5 டிகிரியாகக் குறைத்தால் 114 மில்லிமீட்டர். 15 டிகிரிக்கு ஏற்றினால் 37 போதும், ஆனால் அவ்வளவு சாய்ந்த தண்டு வளைந்து இறுகிக்கொள்ளும் அபாயம். சாய்வு குறைந்தால் ஓட்டம் நீளும், ஓட்டம் நீண்டால் மோல்டின் உயரம் கூடும், உயரம் கூடினால் மிஷினில் மாட்டாது. ஒரு கொக்கிக்குப் பின்னால் இத்தனை பேரம்!

எல்லாரும் உள்ளே தள்ளுவதைப் பற்றியே பேசுகிறார்கள்

இந்தத் தொழிலின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 1872-இல் ஹயாட் சகோதரர்கள் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முதல் இயந்திரம், செல்லுலாய்டை உள்ளே தள்ளுவதற்கு. 1946-இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி செய்த திருகு இயந்திரம், இன்னும் நன்றாக உள்ளே தள்ளுவதற்கு. 1978-இல் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் ஆரம்பித்த மோல்ட்ஃப்ளோ மென்பொருள், உள்ளே போவது எப்படிப் பாய்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு. புகழ் எல்லாம் நுழைவுக்குத்தான். வெளியேற்றத்துக்கு யாரும் மாலை போடவில்லை.

மோல்டு வடிவமைக்கும் வரிசையிலும் அதே கதைதான். முதலில் ஸ்டைலிங்காரர் வளைவுகளை வரைகிறார். அடுத்து பாக வடிவமைப்பாளர் ரிப்பும் கொக்கியும் சேர்க்கிறார். அடுத்து பிளாஸ்டிக் எங்கே நுழைய வேண்டும் என்று முடிவாகிறது. அடுத்து கூலிங். கடைசியில் மிச்சமிருக்கிற சந்து பொந்துகளில் எஜெக்டர் பின். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு பந்தியில் உட்கார்ந்தவர் நிலைமை.

பக்கத்திலேயே இருக்கும் அணையிடமாவது கற்றுக்கொள்ளலாம். 44.28 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் கெலவரப்பள்ளி அணையில் யாராவது சுவரை முழுக்கக் கட்டிவிட்டு, ‘சரி, இனி மதகை எங்கே வைக்கலாம்?’ என்று கேட்டிருப்பார்களா? நீர் வெளியே போகிற வழி தெரியாமல் அணையை வரையவே முடியாது. மோல்டும் அப்படித்தான். பொருள் வெளியே வருகிற வழி தெரியாமல் வரைந்த மோல்டு, மோல்டே அல்ல. அது விலை உயர்ந்த இரும்புக் கட்டி.

இதில் மிக மலிவான மருந்து டிராஃப்ட் கோணம். சுவரை நேராக நிறுத்தாமல் ஒரு டிகிரியாவது சாய்த்துவிட்டால் பொருள் கொஞ்சம் நகர்ந்ததுமே பிடி விட்டுவிடும். தோல் மாதிரி சொரசொரப்பு வேண்டும் என்றால், அதன் ஆழம் ஒவ்வொரு 0.025 மில்லிமீட்டருக்கும் இன்னும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி சேர்க்க வேண்டும் என்பது தொழிலின் பழைய விதி. வரைபடத்தில் இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு பூஜ்யம். இரும்பை வெட்டிய பிறகு இதே மாற்றத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

இப்போது கணக்குப் புத்தகம்

ஏன் இப்படி நடக்கிறது? திறமை இல்லாததாலா? இல்லை. 1959-இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் நெட்டூரில் தொடங்கி, பிறகு பெங்களூரில் வேரூன்றிய என்.டி.டி.எஃப்., 1968-இல் சென்னையில் தொடங்கிய சிப்பெட், 1972-இல் டென்மார்க் உதவியோடு பெங்களூரில் உருவான அரசு டூல் ரூம் பயிற்சி மையம் என்று நல்ல பள்ளிகள் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே படித்து வந்தவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தும் மனப்பாடம். பிரச்சினை அவர்கள் மேஜையில் இல்லை. பர்ச்சேஸ் மேஜையில் இருக்கிறது.

மூன்று டூல் ரூம்களிடம் விலை கேட்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பாக வரைபடம். விலைப்புள்ளியில் இரும்பின் தரம் இருக்கும், கேவிட்டி எண்ணிக்கை இருக்கும், எத்தனை ஷாட் ஆயுள் என்று இருக்கும். எஜெக்‌ஷன் எப்படி என்று பெரும்பாலும் ஒரே வரி. அந்த ஒரே வரிக்குள் காற்று வால்வையும், கைட் பில்லரையும், ஸ்விட்சையும், நல்ல பின்னையும் சேர்த்த டூல் ரூமின் விலை அதிகமாகத் தெரியும். சேர்க்காதவர் விலை குறைவாகத் தெரியும். யாருக்கு ஆர்டர் போகும் என்று சொல்ல வேண்டுமா?

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். (எண்கள் உதாரணத்துக்குத்தான். அவரவர் ஆலையின் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.) ஒரு பெரிய பேனல், சுழற்சி நேரம் 60 வினாடி. பொருள் ஒட்டிக்கொள்வதால் 8 வினாடி கூடுகிறது. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 1200 பேனல் வர வேண்டிய இடத்தில் 1058 வரும். மிஷின் மணி விலை 1500 ரூபாய் என்றால் அந்த 8 வினாடியின் விலை 3 ரூபாய் 33 காசு. மோல்டின் ஆயுளில் மூன்று லட்சம் பேனல் எடுத்தால் 10 லட்சம் ரூபாய். இன்னும் ரிஜெக்‌ஷனைச் சேர்க்கவில்லை, உடைந்த பின்னுக்காக மிஷின் நின்ற நாட்களைச் சேர்க்கவில்லை. ஆரம்பத்திலேயே எஜெக்‌ஷனைச் சரியாகச் செய்ய இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டிருந்தால்? ‘ரொம்ப ஜாஸ்தி’ என்றிருப்பார்கள்!

இதில் முட்டாள்தனம் யாருடையதும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மோல்டின் விலை மூலதனக் கணக்கில் ஏறுகிறது, அதைக் குறைத்தவருக்குப் பாராட்டு. 8 வினாடி உற்பத்திப் பிரிவின் தலையில். ஒட்டாமல் இருக்க அடிக்கிற சிலிக்கான் ஸ்பிரே நுகர்பொருள் கணக்கில். அந்த ஸ்பிரே படிந்த பேனலில் பெயின்ட் பிடிக்காமல் குழி விழுவது பெயின்ட் ஷாப் கணக்கில். ஒரே நோய், நாலு பேரேடு. நாலையும் கூட்டிப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஓவர்ஹெட்டைப் பிரித்துப் போடத்தான் சொல்லித் தருகிறார்கள், பிரிந்து கிடப்பதை ஒன்று சேர்க்க அல்ல.

வருமான வரிச் சட்டத்துக்குக்கூட இந்த விஷயம் தெரிந்திருந்தது. 1962 விதிகளின் தேய்மானப் பட்டியலில் சாதாரண இயந்திரத்துக்கு 15 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்சாலை மோல்டுக்கு 30 சதவீதம். இயந்திரத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தேய்கிற சொத்து என்று வரி போடுகிறவரே ஒப்புக்கொண்ட பிறகு, வாங்குகிறவர் மட்டும் அதை ஒரே தடவைச் செலவாகப் பார்ப்பது என்ன நியாயம்?

கை நுழைகிற இடம்

பணத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பொருள் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது யார்? மிஷின் முன்னால் நிற்கும் ஆபரேட்டர். கையில் ஒரு பித்தளைக் கம்பி. கேட்டைத் திறந்து, பெரிய மிஷின் என்றால் உடம்பில் பாதியை உள்ளே நுழைத்து, சூடான பொருளை நெம்பி எடுக்க வேண்டும். கேட் திறந்தால் மிஷின் நிற்கும்படி பாதுகாப்பு இணைப்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒட்டிக்கொண்டால், டார்கெட் துரத்தினால், அந்த இணைப்பை ஏமாற்றிவிடச் சொல்லி மனசு தூண்டும். மேஸ்திரியும் கண்டுகொள்ளாமல் போவார்.

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே சொன்னது. வேலி போட்டாயிற்று. ஆனால் வேலிக்குள் கையை விட வேண்டிய அவசியத்தை உண்டாக்கியது எது? கெட்ட எஜெக்‌ஷன். விபத்து நடந்தால் அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிவிடலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஏசி அறையில் அடித்துவிடப்பட்ட ஒரு வரியைப் பற்றி அந்த அறிக்கையில் எதுவும் இருக்காது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து கான்ட்ராக்டில் நிற்கிற பையனின் விரல், பர்ச்சேஸ் ஆர்டரின் ஒரு வரியோடு கட்டப்பட்டிருக்கிறது. இது மிகையல்ல.

டூல் ரூம்காரரின் வயிறு

இன்னொருவரும் மாட்டிக்கொள்கிறார். சிறு டூல் ரூம் முதலாளி. அட்வான்ஸ் வாங்கி, இரும்பு வாங்கி, மோல்டு செய்து அனுப்புகிறார். மீதிப் பணம் ட்ரையல் சரியான பிறகு. முதல் ட்ரையலில் பொருள் ஒட்டுகிறது. மோல்டை லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து, பாலிஷ் போட்டு, இரண்டு பின் சேர்த்து, மறுபடி ட்ரையல். மறுபடி ஒட்டுகிறது. காரணம் அவர் செய்த வேலையே இல்லாமல், டிராஃப்ட் இல்லாத வரைபடமாக இருக்கலாம். ஆனால் வண்டி வாடகையும் காத்திருப்பும் அவர் தலையில்.

2006-ஆம் ஆண்டின் சிறு குறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளைக்குள் பணம் தந்துவிட வேண்டுமே என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு நுணுக்கம். அந்த 45 நாள், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபணை சொல்லிவிட்டால், அந்தக் குறையை நீக்கிய நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். ஆக, கோரில் ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் பிளாஸ்டிக் பேனல் அல்ல. சட்டத்தின் கடிகாரமும் அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வங்கியின் வட்டிக் கடிகாரம் மட்டும் நிற்பதில்லை!

மறுப்புகள்

‘சீனாவிலிருந்து பாதி விலைக்கு மோல்டு வருகிறது. நீங்கள் இன்னும் விலையைக் கூட்டச் சொல்கிறீர்களே?’ நியாயமான கேள்வி. விலையை விலையோடு ஒப்பிடுவதில்தான் கோளாறு என்பதே பதில். மோல்டின் விலையையும், ஒரு லட்சம் ஷாட்டுக்கு அது தின்னும் பணத்தையும் கூட்டி ஒப்பிடட்டும். அப்போதும் வெளிநாட்டு மோல்டு ஜெயித்தால் ஜெயிக்கட்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பின் உடைந்தால் ஓடிவர ஓசூர்க்காரர்தான் இருக்கிறார். அதற்கும் ஒரு விலை உண்டு.

‘ஸ்டைலிங்கைக் கெடுக்க முடியாது, வாடிக்கையாளர் அழகைத்தான் வாங்குகிறார்.’ இதுவும் பாதி உண்மை. ஆனால் எஜெக்டர் பின் தள்ளிய இடத்தில் வெளுத்துப்போன பேனலை எந்த வாடிக்கையாளர் அழகென்று வாங்குவார்? எங்கே பிடி இறுகும் என்று முதலிலேயே தெரிந்தால் அழகைக் கெடுக்காமலேயே வழி கண்டுபிடிக்கலாம். ஸ்ட்ரிப்பர் பிளேட் வைத்து விளிம்பு முழுக்கச் சமமாகத் தள்ளலாம், ரிப்புக்கு அடியில் பிளேடு பின் வைக்கலாம், காற்றைத் துணைக்குக் கூப்பிடலாம்.

‘டூல் ரூம்காரர் பார்த்துக்கொள்வார், அது அவர் வேலை.’ இதுதான் மோசமான மறுப்பு. அவர் கையில் டிராஃப்ட் கோணம் இல்லை, கொக்கியின் இடம் இல்லை, எந்த மிஷினில் மாட்டுவது என்ற முடிவும் இல்லை. அதிகாரம் ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம் என்றால் எந்தத் தொழிலும் உருப்படாது.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நாலு காரியம் போதும்.

ஒன்று, விலைப்புள்ளி கேட்கும்போதே எஜெக்‌ஷனுக்குத் தனித் தலைப்பு. பின் எத்தனை, எந்தத் தரம், காற்று வால்வு உண்டா, தகட்டுக்கு கைட் உண்டா, ஸ்விட்ச் உண்டா, ஓட்டம் எவ்வளவு என்று எல்லாரும் ஒரே படிவத்தில் எழுதட்டும். அப்போதுதான் மாம்பழத்தை மாம்பழத்தோடு ஒப்பிட முடியும்.

இரண்டு, இரும்பை வெட்டும் முன்னால் பாக வடிவமைப்பாளரும், டூல் ரூம்காரரும், அந்த மிஷினை ஓட்டப் போகிற மூத்த ஆபரேட்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எஜெக்‌ஷன் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆளைக் கூப்பிட மறக்கக் கூடாது. எங்கே ஒட்டும் என்பது அவருக்கு வரைபடத்தைப் பார்த்ததுமே தெரியும்.

மூன்று, ட்ரையல் ஓகே ஆவதற்கான நிபந்தனையை மாற்ற வேண்டும். நல்ல சாம்பிள் பத்து எடுத்துக் காட்டினால் ஓகே என்பது போதாது. ஸ்பிரே அடிக்காமல், கை நுழைக்காமல், ஒரு முழு ஷிஃப்ட் ஓட வேண்டும். அப்படி ஓடினால் அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவருக்கும் நிம்மதி, விற்கிறவருக்கும் பணம்.

நான்கு, மோல்டோடு ஒரு நோட்டு போகட்டும். எந்தப் பின் எப்போது உடைந்தது, எப்போது மாற்றியது என்று குறிக்க. வருஷக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு அந்த நோட்டைப் படித்து, சிதறிக் கிடக்கும் நாலு பேரேட்டையும் ஒரு பக்கத்தில் கூட்டட்டும். அந்தக் கூட்டுத்தொகை ஒருமுறை முதலாளியின் கண்ணில் பட்டால் போதும். அடுத்த மோல்டின் விலைப்புள்ளியில் எஜெக்‌ஷனை யாரும் அடிக்க மாட்டார்கள்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜினியர்களுக்குப் பின் எங்கே வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று ரூபாயில் எழுதிக் காட்டத்தான் ஆள் இல்லை. கெலவரப்பள்ளியைச் சுற்றியுள்ள ஆலைகளில் நாளை அக்கவுண்டண்டாகப் போய் உட்காரப் போகிறவர்கள், சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் ஷெட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் மிஷின் பக்கத்தில் நிற்கட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பொருள் வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது, ஆபரேட்டரின் கை எத்தனை தடவை உள்ளே போகிறது என்று எண்ணட்டும்.